லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளோடு விசுவாசம் பேசுவது எப்படி: முதல்முறை முயல்கிறவர்களுக்கு

மே மாதம் நெருங்கினால் எங்கள் சபையில் இளம் பெற்றோர் யாராவது என்னிடம் வந்து இதைக் கேட்பார்கள். "வீட்டில் இருந்தால் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் என்று ஒரு நேரம் இருக்கு. லீவுக்குக் கிளம்பினால் அதுவும் விட்டுப்போகுது. பத்து நாள் கழித்து வந்தால் மறுபடி பிள்ளைகளை உட்கார வைப்பதே பாடாய் இருக்கு. பயணத்திலேயே ஏதாவது செய்ய முடியுமா அக்கா?" முடியும். வீட்டில் பேச முடியாத பல விஷயங்களை வழியில்தான் பேச முடிகிறது என்பது என் அனுபவம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம், சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். மகனுக்கு இப்போது 13 வயது, மகளுக்கு 9. ஆறு வருஷமாக ஒவ்வொரு கோடை லீவிலும் செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், உங்கள் குடும்பத்துக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நான் ஏழு நாளைக்கு ஏழு தாள் தயார்செய்து கொண்டுபோனேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனம், ஒரு கதை, மூன்று கேள்வி. ஞாயிறு பள்ளியில் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்த பழக்கம். இரண்டாம் நாளே மகன் முகம் வாடிவிட்டது, "லீவுலயும் கிளாஸாம்மா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். அந்தத் தாள்கள் நாங்கள் பார்த்த எதையும் பற்றியவை இல்லை, வீட்டில் உட்கார்ந்து நான் யோசித்தவை. கடற்கரையில் நின்றுகொண்டு நோவாவின் பேழையைப் பற்றிக் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும், அவன் கண் எல்லாம் நண்டு மேல் இருக்கிறது.

உபாகமம் 6:7 நமக்கெல்லாம் மனப்பாடம். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்கிறது. நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கிளம்புவதற்கு முன்

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு சின்ன வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான். பாட்டு அட்டை, கதைப் புத்தகம், கலர் பென்சில் எல்லாம் பிள்ளைகள் அவர்களாகக் கேட்டால் மட்டும்.

வாசிக்க ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர்க் குடும்பங்களில் வீட்டைப் பூட்டுவதற்கு முன் சங்கீதம் 121 வாசித்து ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புவது பழைய வழக்கம், அதையே வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் வாசிக்காமல் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எட்டே வசனம். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்ற கடைசி வசனத்தை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும் அதே வசனத்தை அதே வாசலில் நின்று மறுபடி சொல்லவேண்டும், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மகள் போன வருஷம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிட்டாள்.

ரயில் டிக்கெட்டுக்கு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, முன்பு போல 120 நாள் இல்லை. எப்படியும் மே மாதத்துக்கு வெயிட்டிங் லிஸ்டோ, ஆர்.ஏ.சி. என்கிற பாதி சீட்டோ கிடைப்பதுதான் சகஜம். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

ஒரே ஒரு முறை: பார், கேள், பிறகு வசனம்

நான் கடைப்பிடிக்கிற வரிசை இது. முதலில் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பொருளையோ ஆளையோ நன்றாகப் பாருங்கள். ஒரு நிமிஷமாவது பேசாமல் பாருங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள், அந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது. வசனம் கடைசியில், அதுவும் தானாக ஞாபகம் வந்தால். வராவிட்டால் விட்டுவிடுங்கள், ராத்திரி வரும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரும்.

"இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி வாசனை வந்துவிடும், "கீழ்ப்படியணும், ஜெபம் பண்ணணும்" என்று நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். அதற்குப் பதில் "இவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?", "இதை யார் இங்கே வைத்திருப்பார்கள்?", "உனக்கு இங்கே எது பிடிக்கலை?" மாதிரிக் கேட்டுப் பாருங்கள். ஆண்டவரும் மலையில் உட்கார்ந்து பேசும்போது ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள், காட்டுப்புஷ்பங்களைக் கவனித்துப்பாருங்கள் என்றுதானே சொன்னார். கவனிக்கச் சொன்ன பிறகுதான் பிதாவைப் பற்றிப் பேச்சு வருகிறது.

நேரம் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அதற்கு மேல் போனால் அது பிரசங்கம்.

ரயிலில்

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கு மூன்று பெர்த் உறுதியாகி ஒன்று மட்டும் ஆர்.ஏ.சி. ஆனது. பக்கவாட்டுக் கீழ் சீட்டில் பாதி எங்களுக்கு, மறுபாதி ஒரு வயதான அம்மாவுக்கு. விழுப்புரம் தாண்டியதும் அவர் காலை மடக்கி மடக்கி வைப்பதை மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து தன்னுடைய கீழ் பெர்த்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவோடு அந்தப் பக்கவாட்டு சீட்டில் வந்து ஒடுங்கிக்கொண்டான். எனக்கு உடனே "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்ற வசனம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் செய்தது என் பாடத்துக்கு உதாரணமாக மாறியிருக்கும். மறுநாள் ஊரில் ஆச்சியிடம் அவன் காதில் விழாமல் சொன்னேன், அவர் அவனைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். அதுவே போதும்.

ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஜெபம் பண்ணலாமா என்று கேட்கிறார்கள். பண்ணுங்கள், ஆனால் மெதுவாக, கண்ணைத் திறந்துகொண்டு கூடப் பண்ணலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சம் இருக்கும், கட்டாயப்படுத்த வேண்டாம். பெட்டியில் இருக்கிற மற்றவர்களின் தூக்கத்துக்கு மேல் நம் பாட்டு ஒலிக்கவேண்டிய அவசியமும் இல்லை. புளியோதரையைப் பக்கத்து சீட்டுக்காரருக்கு நீட்டுவதுதான் அங்கே பிள்ளைகள் பார்க்கவேண்டிய விஷயம்.

உப்பளத்தில் பிள்ளை கேட்ட கேள்வி

தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் உப்பளத்தைப் பார்க்காமல் வர முடியாது, சாலை ஓரத்திலேயே வெள்ளைக் குவியல்கள். பாத்தி கட்டி உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்ததை வாரிக் குவிக்கிறார்கள். மழை பெய்தால் வேலை நின்றுவிடும், அதனால் வெயில் காலம்தான் அவர்களுக்கு வேலைக் காலம். அளத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினோம். நான் மனதுக்குள் மத்தேயு 5:13ஐ எடுத்து வைத்திருந்தேன், "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்". இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா என்று நினைத்தேன்.

மகள் உப்பைப் பார்க்கவே இல்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் காலைப் பார்த்தாள். பாதத்தின் ஓரமெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. "உப்புத் தண்ணி பட்டா அவங்களுக்கு எரியாதாம்மா?" என்று கேட்டாள். எரியும் என்றேன். "அப்புறம் ஏன் நிக்கிறாங்க?" கூலிக்கு என்றேன். "எவ்வளவு கொடுப்பாங்க?" எனக்குத் தெரியவில்லை, அவரிடமே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார், கூடவே விடியற்காலை இருட்டிலேயே வந்துவிடுவோம், வெயில் ஏறினால் வெள்ளை கண்ணைக் கூசும், ரொம்ப நேரம் பார்க்க முடியாது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் வாசித்தது யாக்கோபு 5:4, வேலைக்காரருடைய கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்கிற வசனம். நான் கொண்டுபோன வசனம் பைக்குள்ளேயே இருந்தது. பிள்ளை எங்கே பார்க்கிறதோ அங்கே போங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு மத்தியானம்தான் காரணம். இப்போதும் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் எங்கள் வீட்டில் அந்த அக்கா ஞாபகம் வருகிறார், மகள் ஜெபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. வேலை செய்கிற மனிதர்கள் நம் பிள்ளைகளுக்குக் காட்சிப் பொருள் ஆகிவிடக் கூடாது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், வேலையை நிறுத்தவைக்காதீர்கள், முதலில் வணக்கம் சொல்லிப் பேரைக் கேட்டுப் பழகச் சொல்லிக்கொடுங்கள்.

கடலுக்கு லீவு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். நம் பிள்ளைகளின் கோடை லீவும் கிட்டத்தட்ட இதே நாட்கள்தான். கடற்கரைக்குப் போகிற பல குடும்பங்கள் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்து "இன்னைக்கு ஒண்ணும் நடக்கலை" என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்க நிறைய இருப்பதே அந்தச் சமயத்தில்தான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள்.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில், பனையோலைக் கொட்டகை நிழலில் ஒரு பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய ஊசி. அது துணி தைக்கிற ஊசி மாதிரி இல்லை, விரல் அகலத்துக்குத் தட்டையாக, நடுவில் நாக்கு வைத்தது. கை போகிற வேகத்தில் முடிச்சு எப்போது விழுகிறது என்றே தெரியவில்லை. மகள் அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர் செய்த ஒரு காரியம்தான் அவளுக்குப் புரியவில்லை. ஓட்டை கையகலம்தான், ஆனால் அவர் கத்தியை எடுத்து அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கினார். "தாத்தா, ஏன் நல்லதையும் வெட்டுறீங்க?" என்றாள். "அது பாக்கத்தான் நல்லாருக்கு பாப்பா, நஞ்சுபோன நூலு. அதுல முடிச்சுப் போட்டா நாளைக்கு அதுவும் சேந்து அந்துரும். பலமா இருக்க கண்ணி வரைக்கும் போயி அதப் புடிச்சுத்தான் தைக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஓட்டைய ஓட்டையக் கொண்டே அடைக்க முடியாதுல்லா" என்றார்.

அன்று ராத்திரி மத்தேயு 4:21ஐ வாசித்தோம். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவோடு படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போதுதான் ஆண்டவர் கூப்பிட்டார். பிள்ளைகள் அந்த வரியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள், இந்தத் தடவைதான் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். மகனுக்கு நான் இன்னொன்று சொன்னேன். அந்த இடத்தில் கிரேக்க மொழியில் வருகிற சொல்லைத்தான் பவுல் கலாத்தியர் 6:1ல் தவறிப்போன சகோதரனைப் பற்றிச் சொல்லும்போதும் எழுதுகிறார், நம் வேதாகமத்தில் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று இருக்கிறது. அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பள்ளியில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற ஒரு நண்பனைப் பற்றி முதல்முறையாக எங்களிடம் வாய் திறந்தான். மூன்று மாதமாக அவன் சொல்லாத விஷயம் அது.

தடைக்காலத்தைப் பற்றியே தனியாகப் பேசலாம். நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடு என்று லேவியராகமம் 25ல் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பழைய சட்டம் என்று தோன்றும். கட்டிக் கிடக்கிற படகு வரிசையைக் காட்டி "கடலுக்கும் லீவு" என்று சொன்னால் அந்த அதிகாரம் சட்டென்று விளங்கிவிடும். அந்த ஓய்வு மீனவர் வீட்டுக்குச் சுலபமானது இல்லை, இரண்டு மாதம் அரசு கொடுக்கிற நிவாரணத்தையும் கடனையும் வைத்துத்தான் ஓட்டவேண்டும். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பனை

இது சின்ன விஷயம். சங்கீதம் 92:12ல் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று நாம் வாசிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருப்பது பேரீச்ச மரம். மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த மரத்தைப் போட்டார்கள். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் தண்ணீரே இல்லாத இடத்தில் நிற்கிற பனையைக் காட்டிவிட்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். கையில் நுங்கு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வசனம் தள்ளி "முதிர்வயதிலும் கனி தந்து" என்று வருகிறது, அதை ஆச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

கோபம் வரும்போது

இதுதான் முக்கியமான படி, இதைத் தவிர்க்கவே முடியாது. பத்து நாள் நாலு பேர் ஒரே அறையில், வெயிலில், பசியில் இருந்தால் யாருக்காவது கோபம் வரும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பார்ப்பதுதான் அவர்கள் மனதில் நிற்கும், நாம் காட்டிய கடலும் மலையும் அப்புறம்தான்.

ஒரு வருஷம் நாங்கள் முன்பணம் கட்டியிருந்த தங்கும் விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ராத்திரி பத்து மணி, மகளுக்குக் காய்ச்சல் வேறு. என் கணவர் வரவேற்பில் நின்ற பையனிடம் சத்தம் போட்டார். அவனுக்கு இருபது வயதுதான் இருக்கும், கை நடுங்கியது. கடைசியில் வேறு ஒரு சின்ன அறை கிடைத்தது. படுத்த பிறகும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கீழே போய் அந்தப் பையனிடம், "தம்பி, தப்பு உன்னோடது இல்லை, நான் கத்தினது தப்பு, மன்னிச்சுக்கோ" என்றார். பையன் "பரவாயில்ல சார், காப்பி சாப்பிடுங்க" என்று இரண்டு டம்ளர் வரவழைத்தானாம். அந்தப் பயணத்தில் மகன் நோட்டில் எழுதியது ஒரே ஒரு வரி: "அப்பா ஸாரி சொன்னாங்க."

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4:26ல் இருக்கிறதே, அதைப் பயண விதியாகவே வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கம் சாயங்காலம் மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது பஸ்ஸில் இருந்தே தெரியும். அது இறங்குவதற்குள் யார் யாரிடம் என்ன சொல்லவேண்டுமோ சொல்லிவிடவேண்டும். பெற்றோர் பிள்ளைகளிடமும் சொல்லவேண்டும். இதை நீங்கள் முதலில் செய்யாவிட்டால் பிள்ளைகளைச் செய்யச் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால்

இருக்கிற ஊரில் இருக்கிற ஆலயத்துக்குப் போங்கள். நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், கிராமங்களில் ஆராதனை சீக்கிரமே தொடங்கிவிடும். யாரையும் தெரியாத இடத்தில் உட்கார்ந்து அதே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது பிள்ளைகளுக்குச் சபை என்பது நம் தெருவில் இருக்கிற கட்டடம் மட்டும் இல்லை என்று தானாகவே தெரிகிறது.

எங்களுக்கு ஒரு வருஷம் திருநெல்வேலி மாவட்டம் இடையன்குடியில் அப்படி அமைந்தது. மிஷனரி கால்டுவெல் 1841ல் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். தமிழ்ப் பாடத்தில் மகன் படித்தது அவருடைய ஒப்பிலக்கணத்தைப் பற்றி மட்டும்தான். அங்கே இருக்கிற பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலையை 1847ல் தொடங்கி 1880ல்தான் முடித்தார்கள் என்று தெரிந்ததும் அவன் விரல் விட்டு எண்ணினான். 33 வருஷம். "தொடங்கினப்ப வேலை செஞ்சவங்க எல்லாரும் முடிஞ்சப்ப இருந்திருப்பாங்களா?" என்று கேட்டான். இருந்திருக்க மாட்டார்கள் என்றேன். அவன் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தான், நான் மேலே ஒன்றும் பேசவில்லை.

கால்டுவெல் 1891ல் கொடைக்கானலில் இறந்தாலும் அடக்கம் இடையன்குடியில்தான். தரங்கம்பாடிப் பக்கம் போகிறவர்கள், 1706ல் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணலில் எழுதிப் படிக்கிற சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர் தமிழ் கற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட்டு, அதே மணலில் அவர்கள் பேரை எழுதச் சொன்னால் போதும்.

பயணத்தில் கோயில்களும் பள்ளிவாசல்களும் வரும். பிள்ளை கேள்வி கேட்கும். கேலியாக ஒரு வார்த்தைகூட நம் வாயிலிருந்து வரக் கூடாது. நம் நம்பிக்கையைக் குறித்து "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொன்னார் பேதுரு, அந்த இரண்டு சொல்லும் முதலில் நம் வீட்டுக்குள் பழகவேண்டும்.

துக்கமான இடங்களில்

ராமேஸ்வரம் போனால் தனுஷ்கோடி போகாமல் யாரும் வருவதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அந்த ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலில் போனது. ஆலயத்தின் இடிந்த சுவர் இன்னும் மணலில் நிற்கிறது. அதன் முன் நின்று மகள் கேட்டாள், "சர்ச்சுக்குள்ள இருந்தா கடவுள் காப்பாத்தியிருக்க மாட்டாரா?"

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஏதாவது பதில் சொல்லிப் பிள்ளையைச் சமாதானப்படுத்தவேண்டும் என்று அவசரப்படுகிறோம், "அவர்கள் பாவம் செய்தார்கள்", "கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். சொல்லாதீர்கள். செத்தவர்களை நம் பாடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படி இல்லை என்று ஆண்டவரே சொன்னார், லூக்கா 13ல் இருக்கிறது. நான் மகளிடம் "எனக்குத் தெரியலைடா, நானும் அவர்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு மாற்கு 4ல் படகு நிரம்புகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டதை ஞாபகப்படுத்தினேன். அவர்களும் கேட்டார்கள், நாமும் கேட்கலாம்.

ராத்திரி ஐந்து நிமிஷம்

படுக்கும் முன் நோட்டை எடுங்கள். ஆளுக்கு ஒரு வரி, எழுதத் தெரியாத பிள்ளை படம் போடட்டும். இன்றைக்குப் பார்த்ததில் ஒன்று, சந்தித்த ஒரு ஆள். அந்த ஆளுக்காக ஒருவர் ஜெபம் பண்ணினால் முடிந்தது. பதின்வயசுப் பிள்ளை எழுத மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். போனை எல்லாரும், நாமும் சேர்ந்து, அந்த ஐந்து நிமிஷம் பைக்குள் போட்டுவிடவேண்டும்.

எல்லா நாளும் எழுத ஏதாவது கிடைக்கும் என்று இல்லை. எங்கள் நோட்டில் "இன்று ஒன்றும் இல்லை, பரோட்டா நன்றாக இருந்தது" என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கும் தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தூங்கினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

நோட்டைப் பரணில் போடாதீர்கள், சாப்பாட்டு மேஜை பக்கத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் அதில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அதில் பேர் இருக்கிறவர்களுக்காக ஜெபம் பண்ணுங்கள்.

போன வருஷம் ஜூன் 14 ராத்திரி மகள் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து, "தடை இன்னைக்கோட முடியுதும்மா, தாத்தா வலை தச்சு முடிச்சிருப்பாரா?" என்று கேட்டாள். முடித்திருப்பார் என்றேன். அந்த ராத்திரி அவள்தான் ஜெபம் பண்ணினாள். விடியற்காலையில் கிளம்பப்போகிற படகுகளுக்காகவும், தாத்தாவின் கால் கட்டைவிரலுக்காகவும்.